மரத்தகால் தவசி

உக்காருங்க அண்ணாச்சி. வெத்தலைக் கட்டை அந்த நிழல்ல இறக்குங்க, வெயில் பட்டா வாடிரும். மோர் குடிங்க, எங்க அக்கா கடைஞ்சது. ஆனா மடியில முடிஞ்சு வச்சிருக்கீகளே, அந்தப் பாக்கு வெத்தலையை மட்டும் என் பக்கம் நீட்டாதீக. நான் கை நீட்டி வாங்கிட்டா கல்யாணத்துக்கு வர்றேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நீங்க தேடி வந்த மாயழகன் நான் இல்லை. அப்படி ஒரு ஆளே கிடையாது. நாவக்கோட்டை வெயிலுகந்தாளுக்கு அண்ணன்னு யாரும் கிடையாது.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அங்கன புளியமரத்தடியில உக்காந்து கயிறு திரிக்கிறாரு பாருங்க, அவர் எங்க மச்சான், அக்கா புருசன். நாவக்கோட்டைங்கிற பேர் அவர் காதுல விழ வேண்டாம்.

என்ன சொன்னா? மக சீனிநாச்சிக்குக் கல்யாணம், தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் குடுத்தாத்தான் பொண்ணை மணவறையில உக்கார வைப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாளா? சரி சரி, இந்த வீட்டுல அந்தப் பேச்சைப் பேசக்கூடாது அண்ணாச்சி. எங்க மச்சானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ கிடையாது. என்னாலதான். என்னாலன்னா, என் காலால. அதைச் சொன்னாத்தான் நான் ஏன் வர முடியாதுன்னு உங்களுக்குப் புரியும். நீங்க ரெண்டு ஊருக்கும் அசலூர்க்காரர், உங்ககிட்டச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்லை. கேட்டுக்கிட்டுப் போய், ஆளைப் பாத்தேன், வரமாட்டேன்னுட்டான்னு அவகிட்ட நேராச் சொல்லிருங்க.

ஆமா, என் வீட்டை என்னன்னு கேட்டு வந்தீக? மரத்தகால் தவசி வீடுன்னா? அவளே அப்படித்தான் கேக்கச் சொன்னாளா? அப்ப என் நிசப் பேரும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, பட்டப் பேரும் தெரிஞ்சிருக்கு. பரவாயில்லை. இந்த ஊர்ல நேத்துப் பேசப் பழகின பிள்ளை கூட என்னை அப்படித்தான் கூப்பிடுது.

நான் வேவுக்காரன் அண்ணாச்சி. பாத்தா அப்படித் தெரியாது. தெரிஞ்சா அவன் வேவுக்காரனா என்ன. எந்த ஊருக்குள்ள என்ன நடக்குதுன்னு அறியணும்னாலும் எங்க ஆனைக்கல் பாளையத்துத் தளவாய் என்னைத்தான் கூப்பிடுவாரு. உப்பு மூட்டையோட போயிருக்கேன், பண்டாரமாப் போயிருக்கேன். ஒரு தடவை ஊமை வேசம் போட்டுப் போன இடத்துல தேள் கொட்டிருச்சு. வாயைத் திறக்கலை. கண்ணுல தண்ணி ஓடுது, வாய் திறக்கலை. அப்பேர்ப்பட்டவன் நான். இப்பச் சொன்னா இந்த ஊர்ல சிரிப்பாங்க.

அந்த வருஷம் நாவக்கோட்டைக்காரங்க எங்க உழவு மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. முதல் மழை விழுந்து ஏர் பூட்ட வேண்டிய நேரம். ஏன் ஓட்டுனாங்கன்னு கேட்டா, அதுக்கு முந்தின வருஷம் நாங்க அவங்க ஆட்டைப் பிடிச்சிருந்தோம். அது இருக்கட்டும். மாடு இல்லாம எங்க ஆளுங்க என்ன செய்வாங்க? தளவாய் என்னைக் கூப்பிட்டு, மாடெல்லாம் கோட்டைக்குள்ள தெக்குவாசலை ஒட்டின பட்டியில நிக்குது, நீ உள்ள போயி இரு, வாசல்ல காவல் இல்லாத நேரமாப் பாத்து எனக்குச் சொல்லி அனுப்பு, அன்னைக்கு நம்ம ஆளுங்க வெளிய வந்து நிப்பாங்க, நீ உள்ள இருந்து கதவுத் தாழைத் தூக்கினாப் போதும்னாரு. ஒருத்தரையும் வெட்டிக் குத்தணும்னு இல்லை. எங்க மாட்டை நாங்க ஓட்டிட்டு வரணும், அவ்வளவுதான்.

வேசம் போடுறதெல்லாம் ஒரு கஷ்டமா? எங்க அப்பா மாட்டு வைத்தியம் பாத்தவரு, நானும் மாட்டு வைத்தியனாப் போறதுன்னு முடிவாச்சு. கஷ்டம் எங்கன்னா, கிளையில. எங்க சாதி சனத்துல, எந்தப் பாளையமா இருந்தாலும், ஊருக்குள்ள புதுசா ஒருத்தன் கால் வச்சா முதல்ல கேக்குறது, என்ன கிளைன்னுதான். கிளை தாய் வழியா வர்றது. அம்மா என்ன கிளையோ பிள்ளைங்களும் அந்தக் கிளை. ஒரே கிளைன்னா முன்னப்பின்ன முகம் பாத்திராட்டியும் அண்ணன் தங்கச்சி. பேரை மாத்திச் சொல்லலாம், ஊரை மாத்திச் சொல்லலாம். கிளையை மாத்திச் சொல்றதுன்னா பெத்தவளையே மாத்திச் சொல்ற மாதிரி. எந்த வேவுக்காரனும் அதைச் செய்யத் தயங்குவான். நானும் தயங்கினேன். தளவாய் விடலை. அக்கரைக் கிளைன்னு சொல்லு, நாவக்கோட்டையில அந்தக் கிளைக்காரங்க கம்மி, தோண்டித் துருவ ஆள் இல்லைன்னாரு. அவங்க கும்பிடுற சாமி, அவங்க முன்னோருங்க வெள்ளத்துல ஆத்தைக் கடந்து இக்கரைக்கு வந்த கதை, எல்லாம் எனக்குப் பாடம் பண்ணி வச்சாரு.

கம்மிதான். ஒரே ஒருத்திதான் இருந்தா.

நான் போன அன்னைக்குச் சாவடியில பேரும் கிளையும் கேட்டாங்க, மாயழகன், அக்கரைக் கிளைன்னு சொன்னேன். பொழுது சாயுறதுக்குள்ள இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வர்றா. நீங்க அக்கரைக் கிளையாமேன்னு கேட்டா. ஆமான்னேன். அவ்வளவுதான், கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "அண்ணே, தங்கச்சி வீடு இருக்கையில நீங்க சாவடியில சாப்பிடலாமா"ன்னு என் மூட்டையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டா. அவதான் வெயிலுகந்தாள். அவ புருசன் சங்கிலி யாருன்னா, தெக்குவாசல் காவக்காரன். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க. எந்த வாசலைத் திறக்கணுமோ அந்த வாசல் காவக்காரன் வீட்டுலயே எனக்குச் சோறு. நான் உள்ளுக்குள்ள குதிச்சேன்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒண்ணும் தங்கலை. எல்லாம் அம்மையில போயிருச்சு. அந்தப் பிள்ளை சீனிநாச்சிக்கு அப்ப மூணு வயசாகப் போகுது, காது மூளியா இருக்கு. மாமன் மடியில வச்சுத்தானே காது குத்தணும், மாமனுக்கு எங்க போறது? புருசன் கூடப் பிறந்தவ ஒருத்தி, வாயாடி, மாமன் மடி இல்லாத பிள்ளைன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுவா. யாரையாச்சும் கூலிக்கு உக்கார வைக்கட்டுமான்னு கேப்பா. இதையெல்லாம் சோறு போட்டுக்கிட்டே வெயிலுகந்தாள் எங்கிட்டச் சொல்லுவா. நான் உச்சுக் கொட்டிக்கிட்டே எந்த நேரத்துல காவல் மாறுதுன்னு மனசுல குறிச்சுக்குவேன்.

அந்த வீட்டுல நான் எப்படி நடிச்சேன்னு நினைக்கிறீக. ஒரு நாள் மத்தியானம் சுரைக்காய்க் கூட்டு வச்சிருந்தா. புருசனுக்குப் போட்டா. எனக்கு ஒரு கரண்டி போட்டுட்டு அப்படியே நின்னு பாத்தா. நான் அள்ளி அள்ளித் தின்னுட்டு, தங்கச்சி, எங்க அம்மா வைக்கிற சுரைக்காய்க் கூட்டு மாதிரியே இருக்கு, அந்தக் கைப்பக்குவம் நம்ம கிளைக்கே உரியதுன்னு ஒரு போடு போட்டேன். அவ இன்னும் ஒரு கரண்டி போட்டா. அந்த மாதிரி சின்னச் சின்ன விசயத்துலதான் அண்ணாச்சி ஒரு வேவுக்காரனோட...

எதுக்குச் சிரிக்கிறீக?

என்னது? அவ சொல்லி விட்டாளா? நான் வரமாட்டேன், உனக்கு அண்ணன் இல்லைன்னு முரண்டு பிடிச்சா இதைச் சொல்லுங்கன்னு சொன்னாளா? சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க.

அக்கரைக் கிளையில சுரைக்காய் தொடமாட்டாங்களா? வெள்ளத்துல சுரைக்குடுக்கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆத்தைக் கடந்தாங்களா? அந்த நன்றிக்கு வாயில வைக்கிறதில்லையா? ஐயோ. ஆத்தைக் கடந்தாங்கன்னு சொல்லிக் குடுத்த மனுசன் எதைப் பிடிச்சுக் கடந்தாங்கன்னு சொல்லிக் குடுக்கலையே. அவ அதைச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்லை. புருசனுக்குன்னு வைப்பா. தேள் கொட்டி வாயைத் திறக்காதவன் ஒரு கரண்டிக் கூட்டுக்குத் திறந்துட்டேன். அதுவும் எங்க அம்மா வைக்கிற மாதிரின்னு. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன். வெக்கமா இருக்கு அண்ணாச்சி. நான் போயி ஒரு வாரம் கூட ஆகியிருக்காது அப்ப. அதுக்குப் பிறகு எத்தனை நாள் அந்த வீட்டுல உக்காந்து நம்ம கிளை, நம்ம கிளைன்னு பெருமை பேசியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவ தலையாட்டினாளே. சங்கிலிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தலை அந்தத் தெக்குவாசல்லயே தொங்கியிருக்கும். ஏன் சொல்லலை? மடிக்கு ஒரு ஆள் வேணும், எவனா இருந்தா என்னன்னு விட்டுட்டாளா? நான் அவளை ஏமாத்துறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அவ என்னை வச்சு வேலையை முடிச்சுக்கிட்டா போல.

அப்படி இல்லையா? வேற என்ன சொன்னா? "பொய்யோ மெய்யோ, அண்ணேன்னு கூப்பிட்ட பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது." அப்படியா சொன்னா.

சரி, மிச்சத்தையும் கேளுங்க. காது குத்துக்கு நாள் குறிக்கச் சொன்னது நான்தான். நான் இருக்கையில பிள்ளை எதுக்கு மூளிக் காதோட இருக்கணும், நாளைப் பாருங்கன்னு சொன்னேன். அவ அன்னைக்கு அழுத அழுகை இருக்கே. ஆனா நான் கணக்குப் போட்டது வேற. அப்பன்காரன் தெக்குவாசல் காவக்காரன். பிள்ளை காது குத்துற நேரத்துல பந்தல்லதானே நிப்பான்? மத்த காவக்காரங்களும் பந்திக்கு வந்துருவாங்க. பந்தலும் வாசலுக்குப் பக்கத்துலதான். உப்பு விக்க வந்த எங்க ஆள் மூலமா தளவாய்க்குச் சொல்லி அனுப்பினேன். மேளம் கொட்டினதும் நம்ம ஆளுங்க ஓடையில இருந்து வாசலுக்கு வரணும். செம்போத்துப் பறவை மாதிரிக் குரல் குடுக்கணும். குரல் கேட்டதும் நான் வயித்து வலின்னு எந்திரிச்சுப் போயித் தாழைத் தூக்கணும். இதைவிடச் சுத்தமான திட்டம் யாரும் போட முடியாது. மச்சானும் அந்தக் கூட்டத்துல வர்றாருன்னு கேள்விப்பட்டேன். அவரோட ஒரு சோடி மாடும் அந்தப் பட்டியிலதான் நின்னுச்சு.

அன்னைக்குக் காலையில பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, நான் எடுத்துக் குடுத்த சிற்றாடையைக் கட்டி, கொண்டாந்து என் மடியில வச்சாங்க. ஆசாரிக்கு வயசாயிருச்சு, ஊசியை எடுக்கவே அரை நாழி. மேளம் கொட்டுது. சங்கிலி என் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். அந்த வாயாடி நாத்தனா எதிர்ல உக்காந்து, இவன் ஒழுங்கா உக்காந்திருக்கானான்னு என்னையே பாக்குறா. வாசல்ல ஒரு ஈ காக்கா இல்லை. பிள்ளைக்கு ஆசாரியைப் பாத்துப் பயம். என் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டா. ஒரு காது குத்தியாச்சு. அப்பச் செம்போத்துக் குரல் கேட்டுச்சு.

எந்திரிக்கணும். எந்திரிக்கப் பாத்தேன். கால் மரத்துப்போச்சு.

நீங்களே சொல்லுங்க, சம்மணம் போட்டு உக்காந்து, அம்புட்டு நேரம் ஒரு பிள்ளையை மடியில வச்சிருந்தா மரக்காதா? மூணு வயசுப் பிள்ளை என்ன கனம் கனக்கும். இடுப்புக்குக் கீழ காலே இல்லாத மாதிரி இருந்துச்சு. மறுபடியும் குரல் வந்துச்சு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். பாதியில மாமன் எந்திரிச்சுப் போயிட்டா அந்த நாத்தனா யாரையாச்சும் பிடிச்சு உக்கார வைப்பா, சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா, பிள்ளைக்கு ஒரு காது மூளியாவே நிக்கும். ஆனா அதையெல்லாம் நான் அப்ப நினைக்கலை. நினைச்சேன்னு வச்சுக்காதீக. கால் மரத்துப்போச்சு, விசயம் அவ்வளவுதான்.

ரெண்டாவது காது குத்தி முடியலை, வெளிய ஒரு பொம்பளை சத்தம் போட்டா. விறகு பொறுக்கிட்டு வந்தவ, வாசலுக்கு வெளிய ஆள் பதுங்கியிருக்குறதைப் பாத்துட்டா. பந்தல்ல இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் வளரியையும் கம்பையும் எடுத்துக்கிட்டு மதில் மேல ஏறினாங்க. வளரி தெரியும்ல, பிறை மாதிரி வளைஞ்சிருக்கும், ஓடுறவன் காலைப் பாத்து வீசுறது. நான் மடியில பிள்ளையோட உக்காந்திருக்கேன். வெளிய அலறல். அதுல ஒரு குரல் எனக்குத் தெரிஞ்ச குரல். தவசி, தவசின்னு கூப்பிடுது. அந்தக் கோட்டைக்குள்ள தவசின்னா யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒருத்தன்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நான் அப்பவும் புத்தியை விடலை. தப்பிச்சு வந்த விதத்தைக் கேளுங்க. வெயிலுகந்தாள் என் மூஞ்சியைப் பாத்தா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு என் கையில ஒரு குடத்தைக் குடுத்தா. அண்ணே, பிள்ளைக்குக் கை கால் கழுவணும், வடக்குவாசலுக்கு வெளிய இருக்குற கிணத்துல தண்ணி எடுத்துட்டு வாங்கன்னா. வடக்குப் பக்கம் சண்டை இல்லை, ஒருத்தனும் கேக்கலை. குடத்தோட வெளிய வந்து ஓட்டம் எடுத்தேன்...

இருங்க.

பந்தல்லயே அண்டா நிறையத் தண்ணி இருந்துச்சு அண்ணாச்சி. பந்திக்குன்னு காலையில நான்தான் நிரப்பினேன். அவளும் கூட நின்னு பாத்தா.

அப்ப அவ தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கா. வெளிய மச்சான் தவசின்னு கூப்பிட்ட பேரையும் அப்பத்தான் கேட்டிருக்கா. இத்தனை வருஷமா நான் என் சாமர்த்தியத்துல தப்பிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். இந்த ஊர்ல என்னைப் பத்திச் சிரிக்காத ஒரே ஒரு விசயம் அதுதான். அதுவும் போச்சு.

என்ன கேக்குறீக? கால் மரத்திருந்தா எப்படி ஓடினேன்னா? அதுக்குள்ள சரியாயிருச்சு. மரத்த கால் சரியாகாதா என்ன. உங்களுக்கு மரத்ததே இல்லையா? எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க.

மச்சானைக் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. வளரி முழங்காலுக்குக் கீழ எலும்பை நொறுக்கியிருந்துச்சு. புண் புரையோடிக் கடைசியில காலை எடுக்க வேண்டியதாப் போச்சு. எங்க அக்கா அவரைப் பிடிச்சுக்கிட்டா, நான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு மாடு கூட மீளலை. அந்த வருஷம் பாதி நிலம் தரிசாக் கிடந்துச்சு. தளவாய் ஊர்ச் சபையைக் கூட்டி என்னை நடுவுல நிறுத்தினாரு. கால் மரத்துப்போச்சுன்னு சொன்னேன். அப்புறம் ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் சபையே சிரிச்சுச்சு. துரோகின்னு முடிவாகியிருந்தா அங்கேயே சோலி முடிஞ்சிருக்கும். சிரிச்சுட்டாங்க, பிழைச்சேன். அதோட வேவு வேலையும் போச்சு, பேரும் மாறிப்போச்சு.

மச்சான் நிலத்தை இப்ப நான்தான் உழறேன். அவர் சோத்தைத் தின்னுக்கிட்டு அவர் வீட்டுலயே இருக்கேன். ஊருக்கே அவர் வாய்க்குப் பயம் அண்ணாச்சி, யாரையும் கிண்டல் பண்ணாம விடமாட்டாரு. என் உழவைக் கிண்டல் பண்ணுவாரு, என் மீசையைக் கிண்டல் பண்ணுவாரு. அந்த நாளைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் தாழைத் தூக்கலைன்னு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். நான் கூப்பிட்டேனே, உன் காதுல விழுந்துச்சான்னு கேட்டிருக்கலாம். காலையில எந்திரிச்சதும் அவர் அந்தக் கட்டைக் காலை இழுத்துக் கட்டுறதைப் பாப்பேன், இன்னைக்குக் கேட்டுருவாருன்னு நினைப்பேன். கேக்கமாட்டாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏரைத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்.

இப்பச் சொல்லுங்க. அவர் இங்க இப்படி உக்காந்திருக்கையில, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நாவக்கோட்டைக்குப் போயி, மாமன்னு மாலை எடுத்துக் குடுப்பேன்? அவளுக்கும் நான் நிச அண்ணன் இல்லை. இங்க இருக்குற நிச அக்காளுக்கும் ஒழுங்காத் தம்பியா இருக்கலை. சங்கிலி என்ன சொல்றான்? ஒண்ணும் சொல்லலையா. அவனும் ஒண்ணும் சொல்லலையா. சரி. இப்ப ரெண்டு பாளையத்துக்கும் சண்டை இல்லைதான், ஒருத்தனும் என் தலையை எடுக்கமாட்டான். அதுக்காகப் போயிர முடியுமா. அவகிட்டச் சொல்லுங்க, தவசி செத்துப் போயிட்டான்னே சொல்லிருங்க...

கயிறு திரிக்கிற சத்தம் நின்னு போச்சே.

என்ன மச்சான்? மோர் வேணுமா?

என்ன கேட்டீக?

அவர் கேக்குறது உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி? "அந்தப் பிள்ளை அழுதுச்சா"ங்கிறாரு.

அழுதுச்சு மச்சான். முதல் காதுக்கு அழலை, என்னையே அண்ணாந்து பாத்துச்சு. ரெண்டாவது காதுக்குத்தான் அழுதுச்சு. திரும்பி என் நெஞ்சுல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு, மாமா மாமான்னு அழுதுச்சு மச்சான். நீங்க கூப்பிட்டதும் கேட்டுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல கேட்டுச்சு.

"அப்ப எப்படி மாப்ளே எந்திரிப்ப"ங்கிறாரு.

இல்லை மச்சான், கால் வந்து... சரி மச்சான். சரி.

கல்யாணத்துக்குப் போகணுமா? நீங்களும் வர்றீகளா? அம்புட்டு தூரம் எப்படி வருவீக? வண்டி கட்டவா? என்ன சொல்றாரு பாருங்க அண்ணாச்சி. "என் காலைக் குடுத்துக் குத்தின காதாச்சே, தோடு பொருத்தமா இருக்கான்னு நான் பாக்க வேண்டாமா"ங்கிறாரு. உள்ள எங்க அக்கா சிரிக்கிறா. சிரிக்கிறாளா அழறாளான்னு எனக்குத் தெரியலை.

நீங்க இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும். நான் கிணத்தடிக்குப் போயி முகத்தைக் கழுவிட்டு வர்றேன்.